வெட்டியெடுத்த கட்டி எங்கே போகிறது?

2017 ஆம் ஆண்டிலிருந்து இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி போடுகிறார்கள். இதை வாசிக்கிற உங்களில் சிலரும் அந்த ஊசியைப் போட்டிருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்கட தங்கச்சி போட்டிருப்பாள். கை நோகுது என்று சொல்லி இரண்டு நாள் வீட்டுவேலைக்குத் தப்பியிருப்பாள். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி என்று பாடசாலையில் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஊசி போட்டுத் தடுக்கக்கூடிய ஒரு புற்றுநோய் இருக்கிறது என்பதை யார், எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

எதை வைத்து என்பதற்கான விடை கொஞ்சம் சங்கடமானது. நோய் வந்த பெண்களின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்து, எறியாமல் வைத்திருந்த சின்னச் சின்னச் சதைத்துண்டுகளை வைத்துத்தான்.

ஜெர்மனிய மருத்துவரான ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983 இல் கருப்பைக் கழுத்துப் புற்றுக் கட்டிகளுக்குள் ஒரு வைரசின் டிஎன்ஏயைக் கண்டுபிடித்தது. அதற்கு எச்.பி.வி 16 என்று பெயர். அடுத்த வருடம் எச்.பி.வி 18 அகப்பட்டது. உலகத்தில் வருகிற கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்கு இந்த இரண்டு வைரசுகளும்தான் காரணம். 2006 இல் தடுப்பூசி வந்தது. 2008 இல் சூர் ஹவுசனுக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

அந்த 1983 ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருக்கிற ஒரு சின்னக் கணக்கு எங்களுக்குப் பிடித்தது. ஜெர்மனியப் பெண்களின் 18 கட்டிகளைச் சோதித்ததில் 11 இல் எச்.பி.வி 16 இருந்தது. கென்யா, பிரேசில் பெண்களின் 23 கட்டிகளில் 8 இல் மட்டும்தான் இருந்தது. ஒரே நோய், ஒரே பரிசோதனை, ஆனால் ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது. யாருடைய சதையைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் விடையும் வரும் என்பது அன்றைக்கே அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. இந்தக் கணக்குக்கு நாங்கள் பிறகு திரும்பி வருவோம்.

இதை எழுதுகிற நாங்கள் மூன்று பேர். ஒரே அம்மம்மாவின் பேரப்பிள்ளைகள். ஒருத்தி உயிரியல் படித்தவள், ஒருத்தி கணக்காளர், ஒருத்தன் இன்னும் ஏ.எல் முடிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் எங்கட பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. எங்களில் இரண்டு பேருக்கு அவ பெரியம்மா, ஒருத்திக்கு அம்மா. அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்காள் வாசித்ததும், வாசித்ததை வைத்துச் சண்டை பிடித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வங்கி என்ற சொல்லைப் பார்ப்போம். இழைய வங்கி என்று சொன்னால் எங்கட நாட்டில் பலருக்கும் கண் தானம்தான் ஞாபகம் வரும். அது நியாயமானது. ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண் தான சங்கம் இலங்கையரின் கண்களைப் பல நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. 1996 இல் கொழும்பில் ஒரு மனித இழைய வங்கியும் தொடங்கியது. தோல், எலும்பு போன்றவற்றைச் சுத்திகரித்து, தீக்காயம் பட்டவர்களுக்கும் எலும்பு சிதைந்தவர்களுக்கும் வைத்துக் கட்டக் கொடுப்பது அதன் வேலை. இவை எல்லாம் ஒருவரின் உடம்பிலிருந்து இன்னொருவரின் உடம்புக்குப் போகிற வங்கிகள். யாருக்கு நன்மை என்று கண்ணால் பார்க்கலாம்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கான இழைய வங்கி வேறு மாதிரி. அங்கே போகிற சதை இன்னொருவரின் உடம்புக்குள் போகாது. நோயாளியின் கட்டியில் ஒரு துண்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த நல்ல இழையத்தில் ஒரு துண்டு, கொஞ்சம் இரத்தம் என்று எடுத்து வைப்பார்கள். சில துண்டுகளை வெட்டிய கையோடு உறைய வைத்து, மறை 80 பாகை பிறீசரிலோ மறை 196 பாகைத் திரவ நைதரசனிலோ வைப்பார்கள். மற்றவற்றைப் போமலினில் ஊறவைத்து, பரபின் மெழுகுக்குள் புதைத்துக் கட்டியாக்குவார்கள். அந்த மெழுகுக் கட்டியைத் தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லிய தகடுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். தமிழில் புற்றுக்கும் கட்டி, மெழுகுக்கும் கட்டி. கட்டிக்குள் கட்டி என்று வீட்டில் பகிடி விடுவோம்.

ஆனால் சதை மட்டும் இருந்தால் அது வங்கி இல்லை, வெறும் அலுமாரி. ஒவ்வொரு துண்டோடும் ஒரு கதை சேர்ந்து இருக்கவேண்டும். எத்தனை வயது, என்ன நோய், எந்த நிலை, என்ன மருந்து கொடுத்தார்கள், மருந்து கேட்டதா, நோய் திரும்பி வந்ததா, ஆள் இப்போது இருக்கிறாரா. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு இலக்கம் இருக்கும். பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு ஆய்வாளர் வந்து, ‘மருந்து கேட்ட ஆக்களின் கட்டிக்கும் கேளாத ஆக்களின் கட்டிக்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேட்டால், வங்கியால் இரண்டு பக்கத்தையும் எடுத்துக் காட்டமுடியவேண்டும். கேள்வி வர முந்தியே விடைக்குத் தேவையானதைச் சேர்த்து வைத்திருக்கிற இடம் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இது எங்கட பெரியம்மாவின் வாழ்க்கையில் எப்படி வந்து முட்டியது என்று சொல்லுகிறோம்.

அமெரிக்காவில் டெனிஸ் ஸ்லமன் என்ற மருத்துவர் சத்திரசிகிச்சையில் அகற்றப்படும் கட்டிகளைப் பிறீசரில் சேர்த்து வந்தார். அக்செல் உல்ரிச் என்ற விஞ்ஞானி ஹெர்2 என்ற பரம்பரையலகைப் பிரித்தெடுத்திருந்தார். அது புற்றுநோயில் என்ன செய்கிறது என்று அப்போது தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து, டெக்சாஸில் இருந்த ஆய்வாளர்களின் உதவியோடு, 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 30 வீதமான கட்டிகளில் அந்தப் பரம்பரையலகு இருக்கவேண்டிய அளவை விடப் பல மடங்கு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்ற பதிவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தபோது, எவருக்கு ஹெர்2 பெருகியிருந்ததோ அவர்களுக்கு நோய் கெதியில் திரும்பியிருந்தது, அவர்கள் கெதியில் இறந்தும் இருந்தார்கள். 1987 இல் இந்த முடிவு வெளிவந்தது. அந்த ஹெர்2 ஐயே குறிவைக்கிற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

189 பெண்கள். தங்களுடைய கட்டி இதற்குப் பயன்படும் என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். பலருக்கு அந்த மருந்து வந்து சேரவும் இல்லை. அவர்கள் விட்டுப்போனதிலிருந்து வந்த மருந்து, ஒரு கடலைத் தாண்டி, எங்கட பெரியம்மாவின் கையில் மூன்று கிழமைக்கு ஒருக்கா ஏறியது.

ஆனால் ஏற முந்தி ஒரு பரிசோதனை தேவைப்பட்டது. எல்லாருக்கும் அந்த மருந்து வேலை செய்யாது. கட்டியில் ஹெர்2 கூடியிருந்தால்தான் செய்யும். சத்திரசிகிச்சை முடிந்து சில கிழமைக்குப் பிறகு கிளினிக்கில் டொக்டர் அதைக் கேட்டபோது, எங்களுக்கு நெஞ்சு இடிந்தது. கட்டியைத்தான் வெட்டி எடுத்தாயிற்றே, திரும்பவும் வெட்டப்போகிறார்களா? ‘இல்லை, புளொக் லாபில இருக்கும், எடுத்துக்கொண்டு போய்க் கொழும்பில குடுங்கோ’ என்றார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, பெரியம்மாவின் கட்டி எங்கேயும் போகவில்லை, ஆஸ்பத்திரியின் ஒரு அலுமாரியில் மெழுகுக்குள் இருக்கிறது என்று.

ஒரு சின்னப் பிளாஸ்ரிக் சட்டம், அதற்குள் மங்கல் வெள்ளையாய் மெழுகு, நடுவில் வெளிறிப்போன ஒரு துண்டு. ஒரு பக்கத்தில் பென்சிலால் எழுதிய இலக்கம். பழைய பேக்குக்குள் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனோம். வெளிக்கிட முந்தி பெரியம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தா. ‘உதுக்குள்ள இருக்கிறது நானோ?’ என்று கேட்டா. ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிறகு அவவே, ‘கவனமாக் கொண்டு போங்கோ, என்னை பஸ்ஸில விட்டிட்டு வந்திடாதேங்கோ’ என்று சொல்லிச் சிரித்தா.

றிப்போட் வந்தது. மூன்று பிளஸ். மருந்து வேலை செய்யும் வகை. பெரியம்மா இன்றைக்கு எங்களோடு இருக்கிறா, முருங்கைக்காய்க் கறியில் உப்புக் குறைவு என்று குறை சொல்லுகிறா.

இந்தக் கதையில் எங்களை உறுத்துகிறது ஒன்றுதான். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் பெரியம்மா ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தா. அது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. எங்கே வைக்கவேண்டும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டிருந்தது. பிறகு அதன் பிரதியை வாசித்தபோது, அகற்றப்படும் இழையங்களைக் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு வரி இருந்தது. அதை ஒருவரும் அவவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்த மிஸ்ஸியில் பிழை சொல்ல வரவில்லை. அன்றைக்கு அந்த வாட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். ஆனாலும் விளங்காத மொழியில் நீட்டுகிற தாளில் கையெழுத்து வைக்கிறது எங்கட சனத்துக்குப் புதிசு இல்லை. அதன் விலை என்ன என்று இந்த நாட்டில் எங்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு.

கேளாமல் எடுத்தால் என்ன வரும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு பெயர் உண்டு. ஹென்றியெட்டா லாக்ஸ். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், கறுப்பினத்தவர்களுக்கு வேறாக வாட்டு ஒதுக்கியிருந்த காலத்தில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு போனவர். ஐந்து பிள்ளைகளின் தாய். 1951 ஒக்ரோபரில், 31 வயதில் இறந்தார். சிகிச்சையின்போது அவரிடமிருந்து எடுத்த துண்டு ஒன்று ஜோர்ஜ் கை என்பவரின் ஆய்வுகூடத்துக்குப் போனது. அதுவரை ஆய்வுகூடத்தில் மனிதக் கலங்களை வளர்த்தால் சில நாளில் செத்துப்போகும். இவருடைய கலங்கள் ஒரு நாளைக்கு ஒருக்கா இரட்டித்துக்கொண்டே போயின. ஹீலா என்று பெயர் வைத்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். போலியோத் தடுப்பூசிச் சோதனைக்கு அது பயன்பட்டது. சூர் ஹவுசனின் குழு எச்.பி.வி 18 ஐ இந்த ஹீலாக் கலங்களுக்குள்ளும் கண்டது. ஆக, தரம் 6 பிள்ளையின் கையில் ஏறுகிற ஊசியின் பின்னால் ஹென்றியெட்டாவும் நிற்கிறார்.

ஆனால் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவின் கலங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பது பிள்ளைகளுக்கு 1970களில்தான் தெரியவந்தது. 2013 இல் ஹீலாவின் முழு டிஎன்ஏ வரிசையையும் குடும்பத்திடம் கேளாமலே இணையத்தில் வெளியிட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகு அதை இறக்கிவிட்டு, அதே வருடம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. இப்போது அந்தத் தரவை யார் பார்க்கலாம் என்று முடிவெடுக்கிற குழுவில் குடும்பத்தவர்களுக்கும் இடம் உண்டு. ஹீலாவை விற்று உழைத்த தேர்மோ பிஷர் நிறுவனத்தோடு குடும்பம் நடத்திய வழக்கு 2023 இல் இணக்கமாக முடிந்தது. 72 வருடம் எடுத்தது.

இந்த இடத்தில்தான் நாங்கள் ‘நாங்கள்’ என்று எழுதுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஹென்றியெட்டாவின் டிஎன்ஏயை வெளியிட்டது அவருடைய பேரப்பிள்ளைகளின் இரகசியத்தையும் வெளியிட்டதுதான். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற பரம்பரையலகுகளை 1994 இலும் 1995 இலும் அடையாளம் கண்டார்கள். அவற்றில் வருகிற பழுது தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பிள்ளைக்கு இறங்கக்கூடியது. அப்படியென்றால் பெரியம்மாவின் மெழுகுக் கட்டிக்குள் எங்களைப் பற்றிய சேதியும் இருக்கலாம். பெருக்கல் குறி போட்ட இடத்தில் அவ வைத்த கையெழுத்து, ஒரு விதத்தில் எங்கட கையெழுத்தும்தான். இதைப் பற்றிக் கதைத்தபோது எங்களுக்குள் இரண்டு கட்சி வந்தது. எங்களில் ஒருத்தி, ‘அப்ப ஆராய்ச்சிக்குக் குடுக்கவே கூடாது’ என்றாள்.

மற்றவள் அதற்குச் சொன்ன பதில் செர்னோபில். 1986 ஏப்ரல் 26 இல் அந்த அணு உலை வெடித்தபோது, கதிரியக்க அயடீன் புல்லில் படிந்து, மாட்டுப்பாலுக்குள் போய், பிள்ளைகளின் தைரொயிட் சுரப்பியில் சேர்ந்தது. சில வருடத்தில் பிள்ளைகளுக்குத் தைரொயிட் புற்றுநோய் கூடியது. ஆளாளுக்கு எடுத்துச் சிதறடிக்காமல் அந்தக் கட்டிகளை ஒரு ஒழுங்கில் சேர்த்துவைக்க 1998 இல் செர்னோபில் இழைய வங்கி தொடங்கியது. 2021 இல், உக்ரேனைச் சேர்ந்த 440 பேரின் கட்டிகளை வைத்து ஒரு ஆய்வு வெளிவந்தது. 359 பேர் பிள்ளைப் பருவத்திலோ தாயின் வயிற்றிலோ கதிர்வீச்சுப் பட்டவர்கள். மற்ற 81 பேரும் வெடிப்புக்குப் பிறகு உருவாகிப் பிறந்தவர்கள். கதிர்வீச்சு கூடக் கூட, டிஎன்ஏயின் இரண்டு புரிகளும் சேர்ந்து முறிகிற வகைச் சேதம் கூடியிருந்தது என்று அந்த ஆய்வு காட்டியது. வெடித்து 35 வருடத்துக்குப் பிறகு கிடைத்த விடை. வங்கி தொடங்கின காலத்தில் இப்படி முழு டிஎன்ஏயையும் வாசிக்கிற இயந்திரமே இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால், தங்கட பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதற்கு இன்றைக்கும் ஊகம்தான் இருந்திருக்கும்.

இனி அந்தப் பழைய கணக்குக்கு வருவோம், ஜெர்மனியில் 18 க்கு 11, கென்யாவிலும் பிரேசிலிலும் 23 க்கு 8.

2006 இல் அமெரிக்காவில் தொடங்கிய புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டம் 33 வகைப் புற்றுநோய்களில் 20,000 க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஆராய்ந்தது. உலகத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிற எவரும் இன்றைக்கு அந்தத் தரவைத் தொடாமல் போவது அரிது. ஆனால் அந்த மாதிரிகளில் பெரும்பான்மை வெள்ளை இனத்தவர்களுடையது. அவர்களுடைய கட்டியில் பார்த்ததை வைத்துத்தான் எங்கட கட்டிக்கும் மருந்து யோசிக்கிறார்கள்.

சில நோயில் அது பரவாயில்லை. ஹெர்2 பெரியம்மாவுக்கும் ஹெர்2 தான். ஆனால் வாய்ப் புற்றுநோயை எடுங்கள். இலங்கை ஆண்களிடம் பல வருடங்களாக முன்வரிசையில் நிற்கிற புற்றுநோய் அது. மேற்கு நாடுகளில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகரெட்டும் மதுவும் எச்.பி.வியும் பெரிய காரணங்கள். எங்களுக்கு அவற்றோடு வெற்றிலைத் தட்டமும் சேர்கிறது. யாழ்ப்பாணத்துத் திண்ணையிலும், மட்டக்களப்பு வயல்வெளியிலும், மலையகத்து லயத்திலும் அதே பாக்கு, அதே சுண்ணாம்பு, அதே புகையிலை. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985 இலேயே சொன்னது. புகையிலை இல்லாத வெற்றிலையும், வெறும் பாக்குமே தரும் என்று 2004 இல் சொன்னது. ‘நான் போயிலை போடுறேல்ல, பாக்கு மட்டும்தான்’ என்கிற எங்கட அப்பப்பாவுக்கு இதைச் சொல்லிக் களைத்துவிட்டோம்.

வெற்றிலையை அடக்கி வைக்கிற கன்னத்திலும் முரசிலும் வருகிற புற்று வேறு விதமானதா? இந்தியாவில் இதைத் தேடினார்கள். மும்பையிலும் கல்யாணியிலும் இருக்கிற ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து, தங்கட நாட்டு நோயாளர்களின் கட்டிகளை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டார்கள். மற்ற நாடுகளின் தலை, கழுத்துப் புற்றுநோய்களிலும் பார்த்த அதே பழுதுகளோடு, இந்தக் கன்னப் புற்றில் அடிக்கடி பழுதாகிற வேறு ஐந்து பரம்பரையலகுகளும் அகப்பட்டன. வெள்ளைக்காரரின் கட்டியை எத்தனை ஆயிரம் தரம் சீவிப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. வெற்றிலை போடுகிற ஆளின் கட்டியை எடுத்து வைத்ததால் தெரிந்தது.

அதனால்தான் ‘குடுக்கவே கூடாது’ என்பதோடு எங்களால் நிற்கமுடியவில்லை. குடுக்காமல் விட்டால் எங்கட சதை பத்திரமாக இருக்கும். ஆனால் மருந்தை யோசிக்கிற மேசையில் நாங்கள் இருக்கமாட்டோம்.

பிறீசர் வாங்கக் காசு எங்கே, மின்சாரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டோடு இருந்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் பணக்கார நாட்டிலும் வங்கி உருகும். 2023 நத்தார் விடுமுறையில், சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 16 தாங்கிகளுக்குத் திரவ நைதரசன் போவது நின்றுவிட்டது. பார்த்தபோது பிந்திவிட்டது. இரத்தப் புற்றுநோய் ஆய்வாளர்கள் பல பத்து வருடங்களாகச் சேர்த்த மாதிரிகள் கெட்டுப்போயின. பணத்தைத் திரும்ப உழைக்கலாம். இறந்துபோன ஒருவரின் கட்டியைத் திரும்ப எடுக்க ஏலாது. மற்றப் பக்கம், மெழுகுக் கட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. அலுமாரியில் வெயிலும் எலியும் படாமல் வைத்தால் பல பத்து வருடம் இருக்கும். உறைந்த இழையத்தில் பார்க்கிற எல்லாவற்றையும் அதில் பார்க்க முடியாதுதான். ஆனால் நிறையப் பார்க்கலாம். நோயியல் ஆய்வுகூடம் உள்ள ஆஸ்பத்திரிகளில் அப்படிப்பட்ட கட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன, பெரியம்மாவினது இருந்தது போல. கட்டியோடு போகவேண்டிய கதைதான், நோயாளியின் பிற்காலப் பதிவு, கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம், நோயாளி கையில் கொண்டுதிரிகிற ஷொப்பிங் பையில் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கிறது. பிறீசரை விட முதலில் தேவைப்படுவது நல்ல பதிவேடு.

பதிவேட்டை விடவும் முதலில் தேவைப்படுவது நம்பிக்கை. தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை மட்டும் 2011 இல் சனம் நடந்து காசு சேர்த்து, தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி வர வழி செய்தார்கள். தெற்கும் வடக்கும் சேர்ந்து நடந்த நடை அது. கண் கொடுக்கிற நாடு, காசு கொடுக்கிற நாடு. வெட்டியெடுத்த கட்டியைக் கொடுக்கச் சனம் மறுக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. எங்கட அம்மம்மாவுக்குக்கூட ஒரேயொரு பயம்தான் இருந்தது: ‘செத்தால் உடம்பு முழுசாய்ப் போகோணும் பிள்ளையள்.’ ஆராய்ச்சிக்கு எடுப்பது எப்படியும் வெட்டப்போகிற கட்டியில் பரிசோதனைக்குப் போக மிஞ்சுகிற துண்டு என்று விளங்கப்படுத்தினோம். அவ கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, ‘அப்ப அதைச் சொல்லிக் கேக்கலாமே, ஏன் ஒளிக்கினம்?’ என்றா.

பெரியம்மாவிடமும் கேட்டோம். உங்கட கட்டியை ஆராய்ச்சிக்குக் குடுப்பீங்களோ? ‘வெட்டி எறியிறதைத்தானே கேக்கினம். இன்னொரு பிள்ளைக்கு உதவுமெண்டால் குடுப்பன். ஆனா கேக்கோணும். எனக்கு விளங்கிற மாதிரிக் கேக்கோணும்.’

இரண்டு கட்சியாக இருந்த நாங்கள் அந்தப் பதிலோடு ஒரு கட்சியானோம். அதனால் இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலை தருகிறோம். வீட்டில் ஒருவருக்கு ஒப்பரேசன் என்று தாளை நீட்டும்போது, பக்கத்தில் நிற்கப்போவது அநேகமாக நீங்கள்தான். இங்கிலிஷ் தெரிந்த பிள்ளை என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இடத்தைக் காட்டி ‘இதில வையுங்கோ’ என்று சொல்லமுதல் அதை முழுக்க வாசித்துத் தமிழில் சொல்லுங்கள். இழையம், ஆராய்ச்சி என்ற வரி இருந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எடுத்து எங்கே வைப்பீர்கள்? பெயரோடா, இலக்கத்தோடா? வெளிநாட்டுக்கோ கம்பனிக்கோ போகுமா? பிறகு வேண்டாம் என்றால் நிறுத்தலாமா? வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சை குறையாது என்பதையும் வாயால் சொல்லவையுங்கள்.

மருத்துவபீடத்தில் படிக்கிற நண்பர்களே, உங்களுக்கு வேலை இன்னும் இலேசு. நாளைக்கு அந்தத் தாளை நீட்டப்போவது நீங்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட எடுக்கிற நேரத்தோடு இன்னும் ஐந்து நிமிடம் சேருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அவவின் மொழியில் கேளுங்கள். எங்கட சனம் ஓம் என்று சொல்லும்.